அக்கா ஊற்றிய நீலம்

சிங்கப்பூரில், என் செங்காங் வீட்டில் பலகைமேல் அக்ரிலிக் நீலத்தை ஊற்றி ஹேர் டிரையரால் ஊதிக்கொண்டிருந்தேன். சூடேறிய பெயிண்டின் வாடை வந்ததும் கை நின்றுவிட்டது. புக்கிட் பாத்தோக் வீட்டுச் சமையலறையில் இதே வாடை வீசியபோது எனக்கு ஒன்பது வயது.

அக்காவுக்குப் பதினாறு. அட்டைமேல் மஞ்சளும் அதன்மேல் நீலமும் ஊற்றி, பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு சொட்டு விட்டு ஹேர் டிரையரால் ஊதுவாள். நீலம் விலகி, அடியிலிருந்து வட்டம் வட்டமாக மஞ்சள் கிளம்பும். நான் பக்கத்திலேயே குந்தியிருப்பேன்.

ஒருநாள் பஸ் ஓட்டிவிட்டு வந்த அப்பா நின்று பார்த்தார்.

"இது என்ன படம்மா?"

"ஒண்ணும் இல்லப்பா, வெறும் கலர்தான்."

"ஓ லெவல் பரீட்சை வருது லா. ஒண்ணும் இல்லாததுக்கா இவ்வளவு நேரம்?"

அவர் கத்தவில்லை. ஈரம் காயாத அட்டைகளை மடித்து என்னிடம் கொடுத்தார். சமையலறைச் சுவரிலிருந்து தரைத்தளம்வரை இறங்கும் குப்பைக் குழாயில் ஒவ்வொன்றாகப் போட்டேன். பன்னிரண்டு மாடிக்கும் அவை இடித்துக்கொண்டு விழும் சத்தம் கேட்டது. அக்கா என்னைத் தடுக்கவில்லை. பிறகு அவள் பெயிண்டைத் தொடவே இல்லை.

பல வருஷமாக நானும் ஊற்றிப் பார்க்கிறேன். அந்த வட்டங்கள் வருவதில்லை. இன்று அக்காவுக்கே போன் செய்து, எப்படிச் செய்தாய் என்று கேட்டேன்.

"நானா? நான் எப்போடி பெயிண்ட் பண்ணேன்?" என்றாள்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. உண்மையாகவே அவளுக்கு நினைவில்லை.