ஆறடி தள்ளி நட்ட கல்

சிங்கப்பெருமாள் கோயிலில் எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி இருப்பவர் காசிநாதன். வயலை மனையாகப் பிரித்து விற்பவர்களுக்கு எல்லைக்கல் நட்டுக் கொடுப்பது அவர் தொழில். முதல் கல்லை ஈசானிய மூலையில் நட்டு, சூடம் ஏற்றி, நரசிம்மரைக் கும்பிட்ட பிறகுதான் அடுத்த கல்லைத் தொடுவார். ராசியான கை என்று பேர்.

அப்பேர்ப்பட்டவருக்கு மழை வந்தால் மட்டும் சோறு இறங்காது. அது ஏன் என்று ரொம்ப நாள் கழித்துத்தான் எங்களுக்குத் தெரிந்தது.

தொண்ணூற்று ஐந்தில் மறைமலைநகர் பக்கம் கார் கம்பெனி வருகிறது என்று பேச்சு கிளம்பியதும் ஜி.எஸ்.டி. ரோட்டோரம் நிலம் விலை ஏறியது. தாமோதரன் என்பவர் ரோட்டை ஒட்டிய வயலில் மனை போட்டார். ஞாயிற்றுக்கிழமை தோறும் சென்னையிலிருந்து வேனில் ஆட்களைக் கூட்டிவந்து, சாம்பார் சாதப் பொட்டலம் கொடுத்து மனை காட்டுவார். எல்லாம் விற்றது. ரோட்டு முனை மனையை மட்டும் யாரும் வாங்கவில்லை. ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவரும் கால்வாய் அதன் ஈசானிய மூலையை வெட்டிக்கொண்டு போனதுதான் காரணம்.

“இன்னா காசி, உன் ராசி இந்த மனையாண்ட மட்டும் வேல செய்யலியா?” என்று தாமோதரன் குத்தினார்.

காசிநாதனுக்கு மனசு கேட்கவில்லை. ஈசானியம் குறைந்த மனையில் வம்சம் விளங்காது என்று நம்புகிறவர் அவர். யாரோ குடும்பம் குட்டியோடு வந்து இருக்கப் போகிற இடம், குறையோடு விடலாமா? சித்திரை வெயிலில் கால்வாய் வெறும் பள்ளமாகக் கிடந்தது. ஒருத்தரிடமும் சொல்லாமல் கல்லைப் பிடுங்கி, ஆறடி தள்ளி, கால்வாயின் அக்கரையில் நட்டுச் சூடமும் ஏற்றினார். நல்லது செய்ததாகத்தான் நினைத்தார். கல்லைப் பார்த்து, அதுவரை மனைதான் என்று டிராக்டர்காரன் பள்ளத்தை நிரவிவிட்டான். அடுத்த வாரமே கல்பாக்கத்தில் வேலை பார்த்த திருநாவுக்கரசு அந்த மனையை வாங்கினார்.

வீடு கட்டத்தான் வாங்கினார். ஆறேழு வருஷத்தில் அந்த ரோட்டில் வீடு கட்ட ஆளே இல்லை, எல்லாரும் கடை கட்டினார்கள். திருநாவுக்கரசும் ரிட்டயர் ஆன பணத்தைப் போட்டுக் கடைக் கட்டடம் எழுப்பினார். மேலே இரண்டு மாடி, தரைக்கு அடியில் ஒரு தளம். ராசிக்காரர் என்று பூஜைக்குக் காசிநாதனைக் கூப்பிட்டார்கள். போனவர் தோண்டிய குழியைப் பார்த்தார். ஈசானிய மூலையில் கறுப்புக் களியும் நத்தை ஓடுகளுமாக இருந்தது. அவர் கல்லால் மூடிப்போன கால்வாயின் அடிமண் அது.

வீட்டுக்கு வந்து மனைவி மீனாட்சியிடம் சொன்னார்.

“வாயத் தொறக்காத,” என்றாள் அவள். “ஒரு கல்லு தப்புன்னா, நீ நட்ட அத்தினி கல்லயும் புடுங்கிப் பாப்பானுங்க. அப்பால யாரு உன்ன கூப்புடுவா?”

அவர் வாயைத் திறக்கவில்லை. அடித்தளத்துக்குக் கல்யாணி என்பவள் தையல் யூனிட் கொண்டுவந்தாள், பன்னிரண்டு பெண்கள். மழைக்காலம் முழுக்க எதிர்ப்பக்கம் பஸ் ஸ்டாப்பில் நின்று அந்தக் கட்டடத்தையே பார்ப்பார் காசிநாதன். கேட்டால், “பஸ்ஸுக்கு நிக்கறேன்” என்பார்.

இரண்டாயிரத்து ஐந்து ஐப்பசியில் மழை விடவில்லை. ஒரு நாள் காலை பத்து மணி இருக்கும். வயல் பக்கத்துத் தண்ணீர் எங்கும் பிரியாமல், நேராக அந்த மூலையை நோக்கி வருவதைப் பார்த்தார். ரோட்டைத் தாண்டிப் படியிறங்கி ஓடினார். உள்ளே ஈசானியச் சுவர் வியர்த்திருந்தது.

“இன்னாண்ணா, நனைஞ்ச கோழியாட்டம் வந்து நிக்கிற?” என்றாள் கல்யாணி. “அண்ணிக்கு ஜாக்கெட் தைக்கணுமா?”

“மெஷின வுட்டுட்டு மேல போங்கம்மா. தண்ணி வருது.”

“தீவாளி ஆர்டரு கெடக்குது. நீ இன்னா ஜோசியமா சொல்ற?”

“ஜோசியம் இல்லம்மா! இது கால்வா. கல்லத் தள்ளி நட்டது நாந்தான். உங்க காலப் புடிச்சிக் கேக்கறேன், ஏறுங்க!”

அவர் அழுததைப் பார்த்துத்தான் எழுந்தார்களே தவிர, நம்பி இல்லை. கடைசிப் பெண் படியேறி அரைமணி நேரத்தில் மூலைச் சுவர் உள்பக்கமாக விழுந்தது. பன்னிரண்டு மெஷினும் செம்மண் தண்ணீரில் முழுகின.

சத்தம் கேட்டு மாடியிலிருந்து வந்த திருநாவுக்கரசு, கல்யாணி வாயால் விஷயம் முழுவதையும் கேட்டார். அடிக்கப் போகிறார் என்று காசிநாதன் கண்ணை மூடிக்கொண்டார். திருநாவுக்கரசோ மெதுவாக ஒன்றுதான் கேட்டார்.

“இதே மாதிரி இன்னும் எத்தனை இடத்துல பண்ணியிருக்கே?”

மனைவிக்கும் சொல்லாதது அது. நரசிம்மர் சன்னதியில் நிற்கும்போதுகூட அவர் நினைக்கத் துணியாதது.

“இன்னொண்ணு கீதுங்க. கூடுவாஞ்சேரில. இப்ப அங்க கல்யாண மண்டபம். சாப்பாட்டுக் கூடம் தரைக்குக் கீழ.”

“இன்னைக்கு முகூர்த்த நாள்டா, பாவி!” திருநாவுக்கரசு ஸ்கூட்டரை உதைத்தார். “ஏறு.”

கூடுவாஞ்சேரியில் முதல் பந்தி நடந்துகொண்டிருந்தது. காசிநாதன் வாசலிலிருந்தே கத்திக்கொண்டு இறங்கினார். பாதி இலையில் ஜனங்கள் எழுந்தார்கள். பெண்ணின் அப்பா அவர் சட்டையைப் பிடித்து, “அபசகுனம் புடிச்சவனே, யாருடா உன்ன அனுப்பிச்சது?” என்று உலுக்கினார். அன்று அங்கே தண்ணீர் வரவில்லை. சுவர்கூட நனையவில்லை.

சாயங்காலம் வரை மழையில் மண்டபத்து வாசலை விட்டு அவர் நகரவில்லை. வருகிறவர்களையெல்லாம் கையெடுத்துக் கும்பிட்டு, “கீழ போவாதீங்க, மேலயே குந்திச் சாப்புடுங்க” என்று சொல்லிக்கொண்டே இருந்தாராம். சிலர் சிரித்தார்கள். சிலர் இலையை எடுத்துக்கொண்டு மேலே வந்தார்கள்.