மை கலையாத மூன்று மூடிகள்

நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுத்துவிட்டு அவள் நான்காவது தட்டை மறுபடி வைத்தாள். தோல் செல்கள் நீளநீளமாக, ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு, ஒரு குறையும் இல்லாமல் கிடந்தன. ஐந்தாவதும் அப்படித்தான். ஆறாவதும். முதல் மூன்று தட்டுகளில் பாதிக்கு மேல் சுருண்டு மிதந்தன.

"பாத்தீங்களா அக்கா?" என்றாள் பின்னால் நின்ற மேடம். ஆய்வுக்கூடத்தின் தலைவி, இவளைவிடப் பத்து வயது சின்னவள். "வெறும் தட்டெல்லாம் போயே போச்சு. ஜின்செங் விட்ட மூணும் கல்லு மாதிரி நிக்குது. க்ரீம் கம்பெனிக்காரங்க காத்துட்டிருக்காங்க. மூணு மணிக்குப் படத்த அனுப்பிடறேன்."

மணி ஒன்று நாற்பது.

இவளைத் தட்டு அக்கா என்றுதான் அங்கே எல்லாரும் கூப்பிடுவார்கள். பதினோரு வருடத்துக்கு முன் புட்டி கழுவ வந்தவள். கை நடுங்காது என்று கண்டுபிடித்துத் தட்டுகளைக் கொடுத்தார்கள். செல்களுக்குத் தீனி மாற்றுவாள். ஜின்செங் வேரின் சாற்றை அளந்து விடுவாள். பிறகு வெயிலுக்குப் பதிலாகப் புற ஊதா விளக்கின் கீழ் வைப்பாள். வெயில் தோலைக் கிழடாக்குகிறதே, அதை வேரிலுள்ள ஜின்செனோசைடு என்ற சத்து எவ்வளவு தடுக்கும் என்பதுதான் கேள்வி.

விளக்கைப் போடுமுன் மூடியை எடுத்துவிட வேண்டும். பிளாஸ்டிக் மூடி அந்தக் கதிரை உள்ளே விடாது. எடுத்த மூடிகளை ஸ்பிரிட்டில் நனைத்த துணிமேல் மல்லாத்தி வைப்பது அவள் வழக்கம். மேலே பேனாவால் எழுதியது ஸ்பிரிட் பட்டு இழுபட்டுவிடும். எல்லாம் எண்ணி முடித்தபின் முணுமுணுத்துக்கொண்டே திரும்ப எழுதுவாள்.

இப்போது மூடிகளைப் பார்த்தாள். முதல் மூன்றிலும் எழுத்து நீலமாகப் பரவியிருந்தது. மற்ற மூன்றிலும் அச்சடித்ததுபோல் இருந்தது.

நேற்று மூன்றாவது மூடியை எடுத்து வைத்ததும் போன் அடித்தது. வெளியே போய்ப் பேசினாள். அவளுடைய அக்கா, சாலை வேலையில் வண்டிகளை நிறுத்தக் கொடி பிடிக்கிறவள். "உங்க வேர் எப்ப டப்பாவுல வரும்? என் மூஞ்சியில தார் ரோடே போட்டாச்சு. அது வந்துச்சுன்னா வெயிலுக்கு மூஞ்சியில சுத்தியிருக்கற இந்தத் துணிய அவுத்து எறிஞ்சிடுவேன். மூச்சு முட்டுது." சிரித்துவிட்டு உள்ளே வந்தவள் விளக்குப் பெட்டியின் கதவைச் சாத்தி விளக்கைப் போட்டாள்.

பிழைப் பதிவேட்டில் இந்த வருடம் அவள் பேரில் இரண்டு வரி ஏறியிருந்தது. மூன்றாவது ஏறினால் தட்டு அறை கிடையாது. மை பரவிய மூன்று மூடிகளிலும் திரும்ப எழுதிவிட்டால் ஆறும் ஒன்றுபோல் ஆகிவிடும், ஒரு நிமிடம் போதும். பேனா சட்டைப்பையிலேயே இருந்தது.

மேடம் படத்தின் ஓரங்களை வெட்டிக்கொண்டிருந்தாள். மணி இரண்டு ஐந்து.

"மேடம், அனுப்பாதீங்க."

"ஏன்?"

"ஜின்செங் தட்டு மூணுலயும் மூடியத் தொறக்கல."

மேடம் எழுந்து வந்து மூடிகளை வரிசையாகப் பார்த்தாள். "இது யாருக்குத் தெரியும்?"

"நமக்கு."

"நமக்குன்னு என்னையும் சேத்துட்டீங்களே." என்றாள் மேடம். "சாறு நிஜமாவே வேலை செய்யலாம். போன மாசம் கொஞ்சம் தெரிஞ்சுதே."

"கொஞ்சம்தான் மேடம். இத நம்பி ஒருத்தர் வெயில்ல போய் நிப்பாங்க."

"மூணாவது தப்புக்கா. எழுதினா என் கையில ஒண்ணும் இல்ல."

தட்டு அக்கா பதிவேட்டை இழுத்துத் தானே எழுதினாள். 'தட்டு 4, 5, 6. மூடி எடுக்கப்படவில்லை.' தேதி போட்டாள்.

மேடம் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். கண்ணாடிக்கு அப்பால் அவள் பேசுவதும், நிறுத்துவதும், நெற்றியைத் தேய்த்துக்கொள்வதும் தெரிந்தது. திரும்பி வந்து, "கம்பெனிக்காரங்க ஒரு நாள் குடுத்திருக்காங்க" என்றாள்.

மாற்றுக்கென்று ஆறு தட்டுகள் தயாராக இருந்தன. மூன்றில் சாறு முன்பே விட்டிருந்தது. இரண்டரைக்குத் தட்டு அக்கா அவற்றை விளக்கின் கீழ் வைத்தாள். மூடிகளை ஒவ்வொன்றாக எடுத்து வாய்விட்டு எண்ணினாள். ஆறு. மறுபடி எண்ணினாள்.

மறுநாள் பதினோரு மணிக்குக் கடிதம் வந்தது. புட்டி கழுவும் அறைக்கு மாற்றல். மதியம்வரை புட்டி கழுவினாள். இரண்டரைக்கு மேடம் கூப்பிட்டாள். கையைத் துடைத்துக்கொண்டு போய் எண்ணினாள். வெறும் தட்டில் நூற்றுக்கு நாற்பத்து மூன்று பிழைத்திருந்தன. ஜின்செங் தட்டில் ஐம்பத்தாறு. மேடம் அந்தப் படத்தை அனுப்பினாள். சாயங்காலம் இவள் தன் அக்காவுக்குப் போன் பண்ணி, துணியை அவிழ்க்க வேண்டாம் என்று சொன்னாள்.