முழங்காலுக்கு அடியில் வைத்த தலையணை

கட்டுமாவடியில் கருவாடு விற்கும் செபமாலைக்கு ஒரே மகன், நிலவழகன். எலும்பு டாக்டருக்குப் படித்து முடித்தான். முடித்தும் ஊருக்கு வரவில்லை. தேய்ந்துபோன இடுப்பையும் முட்டியையும் எடுத்துவிட்டுப் புது மூட்டு வைப்பதற்கென்றே தனியாக ஒரு பயிற்சி உண்டு, அதற்கு ஃபெலோஷிப் என்று பேர் என்று சொல்லிவிட்டு மதுரையில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்ந்துகொண்டான்.

“டாக்டரான பெறகும் படிக்கிறானா? பெயிலாயிட்டானாடி?” என்று கேட்டாள் அடுத்த வீட்டுப் பொன்னுத்தாய். அறந்தாங்கிக்குப் பஸ்ஸில் மீன் கொண்டுபோய் விற்று விற்று அவளுக்கு வலது முட்டி தேய்ந்து கால் வளைந்திருந்தது. வாய் மட்டும் தேயவில்லை.

பெரிய டாக்டர் அறுக்கும்போது சதையை விலக்கிப் பிடிக்கிற வேலைதான் நிலவழகனுக்கு முதலில் கிடைத்தது. பிறகு இந்தப் பகுதியை நீ செய், அந்தப் பகுதியை நீ செய் என்று கொஞ்சம் கொஞ்சமாகக் கையில் கொடுத்தார்கள். முதல் வெட்டிலிருந்து கடைசித் தையல் வரை அவனே செய்ய, பெரிய டாக்டர் எதிரில் நின்று பார்த்த முதல் முட்டி பொன்னுத்தாயினுடையது.

“எங்க புள்ளதான் வைக்கணும் சார். அவன் மூக்கொழுகிக்கிட்டுத் திரிஞ்சப்ப முந்தானையால தொடச்சு விட்டவ நானு” என்று பெரிய டாக்டரிடமே சொல்லியிருந்தாள். அவர் சிரித்துவிட்டார்.

ஆபரேஷன் நன்றாகவே நடந்தது. பொன்னுத்தாயின் மகள் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தாள், லீவு கிடைக்கவில்லை. ஆகவே பார்த்துக்கொள்ளும் பொறுப்பு செபமாலைக்கு வந்தது. ஊருக்கு அனுப்புமுன் நிலவழகன் அம்மாவை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தான். காலையும் மாலையும் குதிகாலைப் பிடித்து மடக்கவேண்டும். பிறகு நேராக நீட்டி அழுத்தவேண்டும்.

“அழுவாங்க. வையிவாங்க. விட்றாதம்மா. முட்டிக்கு அடியில தலகாணி மட்டும் வைக்கவே கூடாது. சொகமாத்தான் இருக்கும். ஆனா கால் அப்படியே வளஞ்சு நின்னுரும்.”

“சரிய்யா” என்றாள் செபமாலை.

அறுத்துத் தைத்த உடம்பைப் பிள்ளை பெற்ற உடம்பு போலத்தான் அந்தக் கரையில் நினைப்பார்கள். அசையக்கூடாது, காற்றுப் படக்கூடாது. ஹார்லிக்ஸும் ஆரஞ்சுமாகப் பெண்கள் வந்துகொண்டே இருந்தார்கள். செபமாலை குதிகாலைப் பிடித்து மடக்கியதும் பொன்னுத்தாய், “ஏசுவே, மாரியாத்தா, யாராச்சும் வாங்களேன்” என்று இரண்டு சாமியையும் சேர்த்துக் கூப்பிட்டாள். வந்திருந்த கண்ணாத்தாள் வாயில் கை வைத்துக்கொண்டாள்.

“அடிப்பாவி, தையல் விட்டுப் போயிரும்டி! பச்ச ஒடம்பப் போட்டு இந்தப் பாடு படுத்துறியே. ஒனக்கு நெஞ்சில ஈரமே இல்லையா?”

செபமாலைக்கு யாரையும் எதிர்த்துப் பேசி வழக்கமில்லை. கைகள் தாமாகவே தளர்ந்தன. கண்ணாத்தாள் ஒரு தலையணையை எடுத்துக் கொடுத்தாள். செபமாலைதான் அதை வாங்கி முட்டிக்கு அடியில் வைத்தாள். பொன்னுத்தாயின் முகம் அப்படியே இளகியது.

“புண்ணியவதி” என்றாள் கண்ணாத்தாள்.

அந்தச் சொல் செபமாலைக்குப் பிடித்திருந்தது. பின்னால் தனியாக இருந்து நினைத்துப் பார்த்தபோது அவளை அதிகம் கூசவைத்தது அதுதான். இரக்கத்தால் மட்டும் அவள் அதைச் செய்யவில்லை. நல்லவள் என்று நாலு பேர் சொல்வது இனித்தது. மறுநாளும் வைத்தாள். அதற்கு மறுநாள் அவளாகவே தலையணையைத் தட்டிச் சரிசெய்து வைத்தாள்.

நிலவழகனுக்கு ஓயாத டியூட்டி. போனில் கேட்பான்.

“மடக்கி விடுறியாம்மா?”

“விடுறேன்யா.”

“மடங்குதா?”

“நல்லா மடங்குது.”

தையலை அறந்தாங்கியிலேயே பிரித்துவிட்டார்கள். அதற்கும் பிறகு ஒரு மாதம் போல ஆகி, ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் ஊருக்கு வந்தான். சர்ச்சில் பூசை முடிந்து செபமாலை திரும்பும்போது அவன் பொன்னுத்தாயின் கட்டிலருகே குனிந்திருந்தான். கால் நீளவும் இல்லை, மடங்கவும் இல்லை. கதவு துருப்பிடித்து நின்றதுபோல நடுவில் நின்றது. அவன் முகம் வெளுத்துவிட்டது.

“எக்சர்சைஸ் ஒழுங்காச் செஞ்சீங்களா பெரியம்மா?”

செபமாலை வாசலிலேயே நின்றாள். பொன்னுத்தாய் அவளை ஒரு பார்வை பார்த்தாள்.

“ஒங்கம்மாவா விடுவா? தெனம் பிழிஞ்சு எடுத்துட்டாள்ல. என் முட்டிதான் கெழட்டு முட்டி, ஒன் புது சாமானுக்கு அடங்க மாட்டேங்குது.”

அவளைக் காட்டிக்கொடுக்காமல் தன்மேல் போட்டுக்கொண்டாள். அந்தப் பொய்யைக் கேட்டுக்கொண்டு செபமாலை வாசலிலிருந்தே வீட்டுக்குத் திரும்பினாள்.

வீட்டுக்கு வந்த நிலவழகன் சோற்றைப் பிசைந்தபடியே இருந்தான். செல்போனில் எக்ஸ்ரே படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தான்.

“சைஸ் பெருசா வச்சுட்டேனோ. எலும்ப இன்னும் கொஞ்சம் சீவியிருக்கணுமோ.” பிறகு அவளைப் பாராமலே சொன்னான்: “நாளைக்குப் பெரிய டாக்டர்கிட்ட சொல்லப் போறேன். இனிமே எனக்கு கேஸ் குடுக்க வேணாம்னு. என் கை சரியில்லம்மா.”

அவன் விரல்களைப் பார்த்தாள் செபமாலை. நல்ல விரல்கள். அவற்றை அவன் வெறுத்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“ஒன் கை இல்லய்யா. நாந்தான். தலகாணி வச்சேன்.”

அவனுக்கு உடனே விளங்கவில்லை. விளங்கியதும் கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தான்.

“போன்ல கேட்டப்ப மடங்குதுன்னியே?”

“சொன்னேன்.”

“ஏம்மா?”

“அவ அழுதாய்யா... எல்லாரும் வேற வஞ்சாங்க. பெறகு ஒன்கிட்டச் சொல்லப் பயமாயிருச்சு.”

அவன் கத்துவான் என்று எதிர்பார்த்தாள். அவன் கத்தாமல் எழுந்து போய் மதுரைக்குப் போன் போட்டான். திரும்பி வந்து, “மயக்கம் குடுத்து மடக்கி விடணுமாம். லேட்டாயிருச்சு, முழுசா வரும்னு சொல்ல முடியாது. பெரியம்மாவக் கூட்டிக்கிட்டு நாளைக்கே கெளம்பு” என்றான்.

“பெரிய டாக்டர்கிட்ட என் தப்புன்னு சொன்னியா?”

“மாசாமாசம் கூட்டம் இருக்கும்மா. செஞ்ச கேஸ் எல்லாத்தையும் தெரையில போட்டுக் கேள்வி கேப்பாங்க. தையல் பிரிச்சதும் நேர்ல வந்து பாக்காம போன்ல கேட்டுட்டு இருந்தது என் தப்புன்னு அங்க சொல்வேன்.”

“நாந்தானய்யா வச்சேன்.”

“வச்சது நீதான். பாக்காதது நான்.”

அவன் வைதிருந்தால் மனம் ஆறியிருக்கும். அவளுடைய தப்பு அத்தனை டாக்டர்கள் முன்னால் அவன் பேரில் திரையில் வரப்போகிறது.

மதுரையில் மயக்கம் கொடுத்து மடக்கினார்கள். மறுபடி இறுகாமல் இருக்க அன்றைக்கே மடக்கத் தொடங்கவேண்டும் என்றார்கள். பிசியோதெரபிஸ்ட் பெண் குதிகாலைப் பிடித்ததும் செபமாலை முன்னால் போனாள்.

“நான் செய்யிறேம்மா. நீங்க பாத்துக்கங்க.”

மடக்கினாள். வார்டு அதிரப் பொன்னுத்தாய் கத்தினாள்.

“விட்றீ சண்டாளி! என் உசுரு போகுதுடி! நீ வெளங்குவியா?”

அடுத்த கட்டில்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். ஒரு கிழவி, “என்ன பொம்பள இவ” என்றாள். செபமாலையின் கண்ணீர் பொன்னுத்தாயின் கெண்டைக்காலில் சொட்டியது. கை தளரவில்லை.

“வையிக்கா, நல்லா வையி” என்றாள்.

பொன்னுத்தாய் இப்போது மறுபடி அறந்தாங்கி பஸ்ஸில் ஏறுகிறாள். கம்பியைப் பிடித்து, அந்தக் காலைப் பக்கவாட்டில் வீசித் தூக்கி வைக்கிறாள். கண்டக்டர் விசில் ஊதாமல் காத்திருக்கிறார். நேரே மடங்கி ஏறியிருக்கவேண்டிய கால். செபமாலை கருவாட்டுக் கூடையோடு பின்னால் நின்று, ஒவ்வொரு முறையும் அதைப் பார்க்கிறாள்.