ராக்காயி சொன்ன மலை

உருத்திரபுரத்தில் மலை கிடையாது. கண்ணுக்கெட்டிய தூரமும் வயல்தான். உயரமான இடம் எது என்று யாராவது கேட்டால் குளக்கட்டைக் காட்டுவோம். அப்படியிருந்தும் எங்கள் மாதர் சங்கப் பெண்கள் எல்லோருக்கும் ஒரு மலையை நன்றாகத் தெரியும். அது ராக்காயியின் மலை.

எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தில் மாத்தளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து துரத்தப்பட்டு, நெடுங்கேணியில் வந்து குடியேறிய குடும்பம் அவளுடையது. கலியாணம் முடித்து எங்கள் ஊருக்கு வந்தாள். அதிகம் பேசமாட்டாள். களை பிடுங்கும் நாட்களில், வெயில் முதுகைப் பொசுக்கும்போது, "ராக்காயி, மலையைச் சொல்லன்" என்போம். சேற்றில் குனிந்தபடியே தொடங்குவாள். இரண்டு மலைகள். நடுவே ஓர் அருவி; மழை பெய்தால் அது இரண்டாகப் பிரிந்து விழும். கீழே தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயம், வாசலில் ஒரு கொய்யா மரம். காலையில் கதவைத் திறந்தால் பனி உள்ளே வந்து அடுப்படியில் குந்தியிருக்குமாம். கேட்கக் கேட்க எனக்கு உண்மையாகவே கைகால் குளிரும். அந்தக் கொய்யா மரம் என் கனவிலும் வந்திருக்கிறது.

போன சித்திரை விடுமுறைக்குச் சங்கம் சுற்றுலா போகத் தீர்மானித்தபோது, எங்கே என்ற கேள்வியே எழவில்லை. வாடகை வான் நவ்பருடையது, ஓட்டுவதும் அவன்தான்; முதல்நாள் பின்னேரமே நெளுக்குளத்திலிருந்து வந்து நின்றான். விடியப் புறப்பட்டு, முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தோம். நவ்பர் எல்லோருக்கும் கச்சான் கடலை வாங்கித் தந்தான். மாத்தளையில் முத்துமாரியம்மனைக் கும்பிட்டுவிட்டு ஒரு வாசனைத் திரவியத் தோட்டத்துக்குப் போனோம். கறுவாப்பட்டையை மணந்து மணந்து அன்னபாக்கியம் அக்காவுக்குத் தும்மல் பிடித்துக்கொண்டது. அவா எதையும் அளவோடு செய்கிற ஆள் இல்லை.

பிறகு வான் ரிவர்ஸ்டன் உச்சிக்கு ஏறத் தொடங்கியது. வளைவுக்கு வளைவு காது அடைத்தது. கண்ணாடிக்கு வெளியே பச்சை மேலே மேலே போய்க்கொண்டிருந்தது. ராக்காயி கண்ணாடியில் நெற்றியை ஒட்டிக்கொண்டிருந்தாள்.

"இதில எது உன்ர தோட்டம்?" என்று அன்னபாக்கியம் அக்கா பின்னாலிருந்து கேட்டா.

"தெரியாதக்கா."

"தெரியாதோ? நீ எத்தினை வயசில இஞ்சயிருந்து வந்தனி?"

"கைக்குழந்தையா. அம்மாதான் தூக்கிக்கொண்டு வந்தவா. நான் சொன்னதெல்லாம் அம்மா எனக்குச் சொன்னதுதான்."

அன்னபாக்கியம் அக்கா சீற்றைப் பிடித்துக்கொண்டு முன்னால் எட்டினா.

"அப்ப, காணாததையோ கண்ட மாதிரி இவ்வளவு காலமும் எங்களுக்கு அளந்தனி?"

எனக்கும் கோபம்தான், மறைப்பானேன். கனவில் வந்த என் கொய்யா மரத்தை யாரோ தறித்துவிட்டது போலிருந்தது. ராக்காயி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அம்மா பொய் சொல்லமாட்டா அக்கா. ஒருக்கா கண்ணால பாத்தால் போதும் எனக்கு" என்றாள்.

உச்சியில் இறங்கினால் பனிமூட்டம். மலையும் இல்லை, பள்ளமும் இல்லை, எல்லாம் வெள்ளை. பக்கத்தில் நிற்பவளின் சேலைக்கரை மட்டும் தெரிந்தது. விலகும் விலகும் என்று காத்திருந்தோம். பிளாஸ்க்கில் இருந்த தேத்தண்ணியும் முடிந்தது. பனி அசைந்ததே தவிர, திறக்கவில்லை.

"அக்காமார், ஏறுங்கோ. இருட்டுப்பட்டால் இந்த வளைவில இறங்கேலாது" என்று நவ்பர் கூப்பிட்டான்.

எல்லோரும் திரும்பினோம். ராக்காயி மட்டும் கம்பி வேலியைப் பிடித்தபடி நின்றாள். நான் போய்த் தோளைத் தொட்டேன். அழுதுகொண்டிருந்தாள்.

"அம்மா செத்த அண்டுகூட எனக்கு இப்பிடி இருக்கேல்லை" என்றாள்.

அன்னபாக்கியம் அக்கா விறுவிறென்று வந்தா. ராக்காயி இனி வாங்கிக் கட்டிக்கொள்ளப்போகிறாள் என்று எனக்குப் பயம். அவா ராக்காயிக்குப் பக்கத்தில் நின்று, கொஞ்ச நேரம் அந்த வெள்ளையையே பார்த்தா.

"அருவி அந்தப் பக்கம்தானே?" என்று கையை நீட்டினா.

"இல்லையக்கா, இன்னும் இடப்பக்கம்" என்று வானடியிலிருந்து திரும்பி வந்த தனுஷா சொன்னாள்.

"லயம் அதுக்குக் கீழ" என்றா அன்னபாக்கியம் அக்கா.

"கொய்யா மரத்தை விட்டிட்டியள்" என்றேன் நான்.

வாசலுக்கு எந்தப் பக்கம் கொய்யா மரம் என்று எங்களுக்குள் சண்டையே வந்துவிட்டது. கூப்பிட வந்த நவ்பரும் "எங்க, எங்க?" என்று எட்டிப் பார்த்தான். ராக்காயி எங்கள் விரல்கள் காட்டிய இடங்களையெல்லாம் மாறி மாறிப் பார்த்தாள்.

சிறுபோக நெல்லுக்குக் களை பிடுங்க வயலில் இறங்கியபோது, சுற்றுலாவுக்கு வராத சுதாஜினி கேட்டாள்: "அங்க என்னக்கா கண்டனீங்கள்?"

அன்னபாக்கியம் அக்கா இடுப்பை நிமிர்த்தினா. "ரெண்டு மலை. நடுவில அருவி எண்டால் அருவி, மழை பெஞ்சால் ரெண்டாப் பிரிஞ்சு விழும். பனி அடுப்படி வரைக்கும் வந்து குந்திக்கொண்டிருக்கும், பிள்ளை!"

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்க வாயெடுத்தவள், ராக்காயியைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன். அவளுடைய கைகள் தண்ணீருக்குள் அப்படியே நின்றன. தாய் போன பிறகு அந்த மலையை அவள்தான் எல்லோருக்கும் சொன்னாள். அவளுக்குச் சொல்ல ஒருவரும் இருக்கவில்லை.

"அக்கா," என்றாள், "கொய்யா மரத்தையும் சொல்லுங்கோ."