ஈர விரல் பரீட்சை

போன வாரம் விருதுநகரில் ஒரு ஸ்டேஷனரி கடை. கறுப்புப் பேனா ஒன்றைக் கேட்டு வாங்கி, துண்டுத் தாளில் ஒரு கோடு இழுத்தேன். காயட்டும் என்று பத்து எண்ணினேன். விரலை நாக்கில் தொட்டு, கோட்டின் மேல் ஒரு தேய்! மை கரைந்து ஈஷியது. வேண்டாம், அடுத்ததைக் காட்டுங்கள் என்றேன். கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பார்க்கட்டுமே... இந்தப் புத்தி எனக்குச் சும்மா வரவில்லை.

என் நாத்தனார் செல்வராணி சிவகாசியில் பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் படம் வரைகிறாள். முதலில் பென்சில், அதன் மேல் கறுப்பு மையில் கோடு, அப்புறம் வாட்டர் கலர். வருஷக்கணக்காக அடுத்தவர் வரைந்த படத்துக்குக் கோடு மட்டும் போட்டுக்கொண்டிருந்தாள். போன வருஷம்தான் ஒரு கம்பெனி முழுப் படத்தையும் அவளை நம்பிக் கொடுத்தது. மத்தாப்பு பிடித்துச் சிரிக்கும் ஒரு பெண் குழந்தை. முதலாளிக்குப் பிடித்துவிட்டால் அந்த சீசன் ஆர்டர் முழுக்க அவளுக்குத்தான்.

கேட்டதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. சென்னையில் இருந்ததிலேயே விலை கூடிய பேனாவாகப் பார்த்து வாங்கிக்கொண்டு போனேன். அது எதற்கு லாயக்கு என்று கடையில் ஒரு வார்த்தை கேட்டேனா? இல்லை. முதலாளி படம் பார்க்க வருகிற அன்று காலையில்தான் போய்ச் சேர்ந்தேன். குழந்தையின் முகம் மட்டும் பாக்கி. என் பேனாவாலேயே கண்ணும் மூக்கும் போட்டாள். கன்னத்தில் ரோஸ் கலரைத் தொட்டாள்... அவ்வளவுதான். கண் கரைந்து கன்னமெல்லாம் வழிந்தது. சிரித்த குழந்தை அழ ஆரம்பித்துவிட்டது!

அப்போதுதான் விஷயம் தெரிந்தது. எந்தப் புதுப் பேனாவையும் ஈர விரலால் தேய்த்துப் பார்க்காமல் அவள் படத்தில் வைக்கவே மாட்டாளாம். இதை மட்டும் ஏன் பார்க்கவில்லை என்று கேட்டேன்.

“நீங்க ஆசையா வாங்கிட்டு வந்து பக்கத்துலயே நிக்கீக. ஒங்க கண்ணு முன்னாடி எச்சியத் தொட்டு எப்படி மதினி தேய்ச்சுப் பாக்க?”

தன் பழைய பேனாவை எடுத்து, வேறு தாளில் முகத்தை மறுபடி வரைந்து, கலர் கொடுத்து, வெட்டி, கெட்டுப்போன முகத்தின் மேல் ஒட்டினாள். அச்சில் ஒட்டு தெரியாதாம். முதலாளி வந்தார். ரொம்ப நேரம் பார்த்தார். அச்சுக்குக் கொடுக்கச் சொல்லிவிட்டுப் போனார். அவள் சிரித்தாள், எனக்குத்தான் அழுகை வந்தது.

யோசித்துப் பார்க்கிறேன். மரியாதை என்ற பேரில் எத்தனை விஷயங்களை நாம் தேய்த்துப் பார்க்காமலே வாங்கிக்கொள்கிறோம்? மாமா சொன்ன வேலை, அத்தை சொன்ன மாப்பிள்ளை... கொடுத்தவருக்கு மனசு நிறைந்துவிடுகிறது. கரைந்தால், வாங்கினவர் பாடு.

விருதுநகர் கடையில் தேறிய பேனாவை ஞாயிற்றுக்கிழமை அவளிடம் நீட்டினேன். ஏற்கெனவே தேய்த்துப் பார்த்ததைச் சொல்லவில்லை. மூடியைக் கழற்றினாள். ஒரு கோடு இழுத்தாள். என் முகத்தை ஒரு தரம் பார்த்தாள்... விரலை நாக்கில் வைத்தாள்.

அப்பாடா... ஒருவழியாக அந்த வீட்டில் நான் விருந்தாளி இல்லை!