ஒரு குசுவுக்குக் காத்திருந்த குடும்பம்

ஒரு நாள் முழுக்க உங்களுக்குக் குசு வரவில்லை என்றால் கவலைப்படுவீர்களா? மாட்டீர்கள். பக்கத்தில் இருப்பவர்கள் சந்தோஷம்கூடப் படுவார்கள். போன வாரம் வரைக்கும் நானும் அந்தக் கட்சிதான்.

எனக்கு க்ரோன்ஸ். தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். உடம்பைக் காப்பாற்ற வேண்டிய எதிர்ப்புச் சக்திக்குப் புத்தி கலங்கி, சொந்தக் குடலையே எதிரி என்று நினைத்து அடித்துத் துவைக்கும். சில மாதம் சும்மா கிடக்கும். திடீரென்று கிளம்பினால் வயிற்றுவலி, பாத்ரூம், மறுபடியும் பாத்ரூம். இப்படிக் கிளம்புவதற்கு ஃப்ளேர் என்று பெயர். காலேஜ் இரண்டாம் வருஷத்தில் ஆரம்பித்தது. சித்தூரிலிருந்து திருப்பதி வரைக்கும் பஸ் நிற்கிற எந்தக் கழிவறையில் தாழ்ப்பாள் இருக்கிறது, எதில் கதவைக் காலால் முட்டுக்கொடுத்து உட்கார வேண்டும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். பிடெக் பாடம் எதுவும் இந்த அளவுக்கு மண்டையில் நிற்கவில்லை.

சித்தூரில் எங்கள் வீட்டில் மூன்று பேர். நான், அம்மா, நைனா என்று நான் கூப்பிடும் அப்பா. நைனா பைக்குக்கு சீட் கவர் தைக்கிற கடை வைத்திருக்கிறார். ஃப்ளேர் நேரத்தில் காலையில் வாசலில் நின்று பல் விளக்கிக்கொண்டே தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்துவார்.

"இன்னிக்கி ஸ்கோர் இன்னாமா?"

எத்தனை தடவை போனேன் என்று நான் பாத்ரூமிலிருந்து நம்பரைக் கத்துவேன். எதிர்வீட்டு அங்கிள் காம்பவுண்டுக்கு மேலே தலையை நீட்டி, "நேத்துக்கு இது பரவால்ல" என்று கமென்ட்ரி கொடுப்பார். வெட்கப்படுவதை எல்லாம் முதல் வருஷத்திலேயே விட்டாச்சு.

இந்த முறை ஸ்கோர் பயங்கரம். கஞ்சி, மோர், மாத்திரை, ஓட்டம் என்று ஒரு வாரம் போனது. அந்த வாரத்தில் நைனா யாரிடமும் சொல்லாமல் ஒரு வேலை செய்திருக்கிறார். என் பாத்ரூம் ஓட்டம் நின்றால் திருப்பதி மலைக்கு வந்து மொட்டை போடுகிறேன் என்று மொக்கு வேண்டிக்கொண்டுவிட்டார். நைனா தலைமுடி சாதாரண முடி இல்லை. சாயம் அடித்து, எண்ணெய் தடவி, சட்டைப்பையில் தனிச் சீப்பு வைத்து வளர்க்கிற முடி. அதைக் கொடுக்கிறேன் என்று சொன்னார் என்றால் மனுஷன் எவ்வளவு பயந்திருப்பார் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

வியாழக்கிழமை காலை வழக்கம்போலக் கேட்டார். "ஸ்கோர்?"

"டக் அவுட்!"

வெளியே பிரஷ் கீழே விழுந்த சத்தம் கேட்டது. மத்தியானமும் பூஜ்ஜியம். சாயந்திரமும் பூஜ்ஜியம். நைனா மொக்கு விஷயத்தை வெளியே விட்டார். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுப்பைப் பற்ற வைத்தார். எங்கள் பக்கத்தில் மலைச் சாமிக்குச் சொன்னதைத் தள்ளிப்போட மாட்டார்கள். விடிந்தால் கிளம்ப வேண்டும், வழிக்குப் புளிச்சோறு வேண்டும். அதில் அம்மா கைப்பிடி கைப்பிடியாக வேர்க்கடலையைப் போட்டார். க்ரோன்ஸ் குடலுக்குக் கடலை எவ்வளவு ஆகாது என்று எனக்குத் தெரியும். ஆனால் ஒரு வாரமாகக் கஞ்சி குடித்த நாக்குக்கு அது தெரியுமா? சட்டியிலேயே கையை விட்டேன்.

வயிறு அப்போதே கொஞ்சம் கல்லாக இருந்தது. பூஜ்ஜியத்தோடு யார் சண்டை போடுவார்கள் என்று விட்டுவிட்டேன்.

இன்னொரு காரணமும் இருந்தது. போன ஃப்ளேரில் ஒரு தடவை வலி தாங்காமல் ஊரைக் கூட்டி, எதிர்வீட்டு அங்கிள் லுங்கியோடு காரை ஓட்டி, திருப்பதி கேஷுவாலிட்டி வரைக்கும் போனோம். வாசலில் இறங்கியதும் நான் ஒன்று விட்டேன். வலி போய்விட்டது. "கேஸ் அன்தே", வெறும் கேஸ்தான் என்று சிரித்து அனுப்பிவிட்டார்கள். அதிலிருந்து நான் வயிற்றைப் பிடித்தாலே, "லுங்கி மாத்திக்கினு வரட்டா?" என்று அங்கிள் கேட்பார். மறுபடியும் சும்மா போய் நிற்பதைவிட வலியே மேல் என்று ஆகிவிட்டது.

அங்கே என்னை வழக்கமாகப் பார்க்கிற டாக்டரம்மா மட்டும் அன்றைக்குச் சிரிக்கவில்லை. "சும்மா வந்தா பர்வாலேது, வராம இருந்தாத்தான் தப்பு" என்றார். ஜுரம் ஏறினால் வா, ரத்தம் நிறையப் போனால் வா, வயிறு ஊதி, மோஷனும் கேஸும் நின்று, வாந்தியும் சேர்ந்தால் எங்கேயும் நிற்காமல் வா என்றார். கேஸ் என்று டாக்டர் வாயால் கேட்டதில் எனக்குச் சிரிப்பு வந்து, மீதியைச் சரியாகக் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை நைனாவின் பழைய வேனில் கிளம்பினோம். பாகாலா தாண்டும்போது வலி அலை அலையாக வந்தது. பிசையும், விடும், மறுபடி பிசையும். ஜீன்ஸ் பட்டனைக் கழற்றினேன். கொஞ்ச தூரத்தில் வண்டியை ஓரங்கட்டச் சொல்லிப் புளிச்சோறு முழுக்க வாந்தி எடுத்தேன்.

"வண்டி ஒத்துக்கல" என்றார் அம்மா.

"இந்த வண்டிலதான் நான் பொறந்ததுலேருந்து வந்துக்கினு இருக்கேன்."

அப்போதுதான் டாக்டரம்மா சொன்னது ஞாபகம் வந்தது. கடைசியாக எப்போது கேஸ் போனது? யோசித்தேன். தெரியவில்லை. இதை எல்லாம் யார் ஞாபகம் வைத்துக்கொள்வார்கள்?

"அம்மா, நேத்துலேருந்து நான் குசு உட்டேனா?"

"எனுக்கு எப்டிடி தெரியும்?"

"நீதான பக்கத்துல படுத்துக்கினு இருந்த?"

"உங்க நைனா கொறட்டைல வேற சத்தமே கேக்கல."

நைனா கண்ணாடியில் பார்த்தார். "வண்டில ஏறுனதுலேருந்து வாசன ஒண்ணும் வரல. நல்லதுதானமா அது?"

"இல்ல நைனா. அது வரலன்னா ஆஸ்பத்திரிக்கி வரச் சொல்லிக்கிறாங்க."

உடனே இரண்டு பேரும் வேலையில் இறங்கினார்கள். சந்திரகிரி டீக்கடையில் நிறுத்தி, ஓமத்தண்ணி கிடைக்காமல் வெந்நீர் வாங்கிக் கொடுத்தார்கள். நடக்கச் சொன்னார்கள். குதிக்கச் சொன்னார்கள். டீக்கடை முழுக்க வேடிக்கை பார்க்க, நான் இரண்டு பஸ்ஸுக்கு நடுவில் தவளை மாதிரி குதித்தேன்.

"வந்துச்சா?" நைனா கத்தினார்.

"இல்ல!"

"இன்னும் ஒருவாட்டி குதி!"

குதித்தேன். மறுபடியும் வாந்திதான் வந்தது.

அலிபிரியில் மலை ஏறும் முன்னால் எல்லாரும் இறங்கி, பையைச் சோதனைக்குக் காட்ட வேண்டும். நான் இறங்கியதும் அங்கே நின்ற செக்யூரிட்டி அக்கா என் வயிற்றைப் பார்த்துவிட்டு, அம்மாவிடம் பாசமாக, "என்னோ நெலம்மா?" என்றார். எத்தனையாவது மாசம் என்று கேட்கிறார்.

"ஐயய்யோ, பெள்ளே காலேது!" என்று அம்மா அலறினார். இன்னும் கல்யாணமே ஆகவில்லை என்று தெலுங்கில் அலறியதில் லைன் முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

நான் குனிந்து என் வயிற்றைப் பார்த்தேன். ஒரு வாரம் கஞ்சி குடித்தவள் வயிறு இல்லை அது. விரலால் தட்டினால் டொம் என்றது. அடுத்த வாந்தி பச்சையாக வந்தது. எனக்கு உண்மையாகவே பயம் வந்தது அங்கேதான். சிரிக்கிறதுக்கு எதுவும் தோன்றவில்லை.

"நைனா, வண்டிய திருப்பு. ஆஸ்பத்திரிக்கிப் போலாம்."

நைனா மலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இத்தினி தூரம் வந்துட்டோம்மா. மேல போய் தலையக் குடுத்துட்டு சுருக்கா எறங்கிடலாம். நிறுத்திக் குடுத்தாரு இல்ல? மொக்கு பாக்கி வெச்சிக்கினு ஆஸ்பத்திரிக்கிப் போனா கோச்சிக்கினு கைய உட்டுடுவாரு."

"சாமி மேலயேதான் இருப்பாரு, எங்கியும் போவ மாட்டாரு. டாக்டரம்மா ஓபி முடிஞ்சா பூடுவாங்க."

"ஒருவேள போன தடவ மாதிரி சும்மா கேஸா இருந்தா?"

"இருந்தா சிரிச்சிக்கினு திரும்பி வரலாம். நீ திருப்பு."

நைனா மலையைப் பார்த்துக் கையைக் கூப்பி, "சாமி, இதோ வந்துர்றேன்" என்று கடைக்காரரிடம் சில்லறை மாற்றப் போகிறவர் மாதிரி சொல்லிவிட்டு, எல்லா வண்டியும் மேலே போகிற ரோட்டில் வண்டியைத் திருப்பினார். எத்தனை ஹாரன், எத்தனை திட்டு! திட்டுகிற ஒவ்வொருவரிடமும் அம்மா ஜன்னல் வழியாக, "பாப்பாக்கி கேஸ் போவல!" என்று விளக்கம் கொடுத்துக்கொண்டே வந்தார்.

திருப்பதி கேஷுவாலிட்டி வேறு உலகம். நோயாளி மொட்டை, கூட வந்தவர் மொட்டை, தோளில் தூங்கும் குழந்தை மொட்டை. எல்லாத் தலையிலும் சந்தனம். ஸ்ட்ரெச்சரில் படுத்துக்கொண்டே நைனாவைக் கண்டுபிடிப்பது ரொம்ப ஈஸி. மொத்த ஹாலிலும் முடி உள்ள ஒரே தலை.

நர்ஸ் அந்தக் கோடியிலிருந்து கேட்டார். "கேஸ் போயிந்தா?"

"லேது!" இல்லை என்று மூன்று பேரும் கோரஸாகச் சொன்னோம்.

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. டிரிப், மூக்கு வழியாக வயிற்றுக்குக் குழாய், ஸ்கேன். டாக்டரம்மா படத்தைப் பார்த்துவிட்டு வந்தார்.

"மோஷன் நின்னதும் நல்லாயிடுச்சினு நெனச்சீங்களா?"

"சாமி நிறுத்திட்டாருனு..." என்றார் நைனா.

"குடல் வீங்கி அடச்சிக்கிச்சி, அதனால நின்னுச்சி. மேல போயி லேட் பண்ணியிருந்தா கிழிஞ்சிகூட இருக்கும்." நைனா கை தானாகத் தலைமுடிக்குப் போனது. "நாளைக்கி வரைக்கும் ஸ்டீராய்டு போட்டுப் பாக்கலாம். தெறக்கலன்னா ஆபரேஷன். தெறந்தா மொதல்ல கேஸ்தான் வரும். வந்தா உடனே சொல்லணும்."

அப்புறம் ஆரம்பித்தது காத்திருப்பு. அடுத்த கட்டிலில் காலில் கட்டுப் போட்ட நெல்லூர்க்காரர் ஒருவர், அவர் தங்கச்சி, தங்கச்சி வீட்டுக்காரர். மூன்றும் மொட்டை. விஷயம் புரிந்ததும் அவர்களும் டூட்டியில் சேர்ந்துவிட்டார்கள். நான் கொஞ்சம் புரண்டு படுத்தால் போதும்.

"வச்சிந்தா?" வந்ததா என்பார் நெல்லூர்க்காரர்.

"ராலேது", வரவில்லை என்பார் நைனா, விக்கெட் விழாத மாதிரி.

அறுவை சிகிச்சை டாக்டர் வந்து வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டுப் போனார். அம்மா அந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். முதுகு குலுங்கியது. நைனா முதல் தடவையாகத் தலை வாராமல் இருந்தார்.

மறுநாள் மத்தியானம் வயிற்றுக்குள் ஏதோ ஒன்று நகர்ந்தது. கையை உயர்த்தினேன். எல்லாரும் பேச்சை நிறுத்தினார்கள். வந்தது. சின்னது இல்லை. வார்டு கதவு திறந்த மாதிரி நீளமாக, கிறீச்சென்று வந்தது.

"கோவிந்தா!" என்று நைனா அலறினார்.

"கோவிந்தா!" என்று மூன்று மொட்டையும் திருப்பி அலறியது. அந்தப் பக்கத்து அறையிலிருந்தும் எதற்கென்றே தெரியாமல் நாலைந்து கோவிந்தா வந்தது. நர்ஸ் ஓடி வந்து திட்டிவிட்டு, "ஏமைந்தி?" என்றார். சொன்னோம். சார்ட்டில் எழுதிக்கொண்டார்.

ஆபரேஷனை இப்போதைக்குத் தள்ளி வைத்திருக்கிறார்கள். குடலில் அந்த இடம் இன்னும் குறுகலாகத்தான் இருக்கிறதாம், மருந்து மாற்ற வேண்டுமாம், அதற்கு ரத்தம் எடுத்துப் போயிருக்கிறார்கள். மூக்குக் குழாயை இன்று காலை உருவினார்கள். அரை மணி நேரம் முன்னால் இரண்டு ஸ்பூன் கஞ்சித் தண்ணீர் குடித்தேன். உள்ளேதான் இருக்கிறது.