தலைவலி என்று நான் சொன்ன பொய்

நான் ஐந்தாவது வரைதான் படித்தவள், எழுத்தில் பிழையிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அந்தமானில், போர்ட் பிளேர் மரைன் ஹில்லில் இருக்கிறோம். என் வீட்டுக்காரருக்கு அரசாங்க வேலை. போன வருஷம் ஒரு மாதமாக அவருக்குத் தூக்கமே இல்லை. யாரோ கூப்பிடுகிறார்கள் என்று சொல்லிக் கடலையே பார்த்துக்கொண்டிருப்பார்.

இலவச ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். டாக்டருக்குத் தமிழ் தெரியாது, இவரோ வாயே திறக்கவில்லை. கடைத்தெருவில் பழகிய இந்தியில் நான்தான் பேசினேன். பைத்தியம் என்று சீட்டில் எழுதினால் வேலையைப் பறித்து மெயின்லேண்டுக்குக் கப்பலேற்றிவிடுவார்களே என்ற பயம் எனக்கு. "சிர் மே தர்த், சாப்" என்று மட்டும் சொன்னேன். டாக்டரும் நிமிர்ந்து பார்க்காமல் தலைவலி மாத்திரை கொடுத்தார். மூன்று தடவை இதே கதை.

ஒரு நாள் மத்தியானம் இவர் கடலில் இறங்கிவிட்டார். கடற்கரையில் கடை வைத்திருக்கும் பாய்தான் இழுத்து வந்தார். அவரிடமும் தலைவலி என்றே சொல்லிவைத்திருந்தேன். "தலைவலிக்காரன் கடல்ல இறங்குவானாம்மா? உள்ளத டாக்டர்கிட்ட சொல்லித் தொலை!" என்று திட்டினார்.

மறுபடி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய், டாக்டரிடம் அழுதுகொண்டே எல்லாம் சொன்னேன். டாக்டர் திகைத்துப்போய், கட்டே பிரிக்காத ஒரு புத்தகத்தை அலமாரியிலிருந்து எடுத்தார். மனநோய்க்கான புது மருந்துகளைப் பற்றி சர்க்கார் கப்பலில் அனுப்பியதாம். அந்த மாத்திரையும் ஆஸ்பத்திரி ஸ்டோரிலேயே கிடந்ததாம்! நான் மறைத்தது தப்புதான். அவர் அதைப் படித்தாவது இருக்கக் கூடாதா? எனக்கு இன்னும் ஆறவில்லை.

அந்த மாத்திரையால் இவர் இப்போது தூங்குகிறார், வேலைக்கும் போகிறார். டாக்டரிடம் போனால், எதைச் சொல்ல வெட்கமோ அதைத்தான் முதலில் சொல்கிறேன். கப்பல் வந்த வாரமென்றால், புதிதாக ஏதாவது வந்ததா, படித்தீர்களா என்றும் கேட்டுவிடுகிறேன். முறைக்கிறார். முறைக்கட்டும்.